கூட்டுத்தொகை போதாது

அன்புள்ள கயல்,

ஆலோசகர் கொடுத்த படிவத்தை நிரப்பினாய், அவர் கூட்டிப் பார்த்து ஓர் எண் சொன்னார், அதிலிருந்து உனக்கு எரிச்சல். “நான் நினைக்கிறது இவங்களுக்கு எப்படி மாமா தெரியும்?” என்று கேட்டிருந்தாய். தெரியாது. அதனால்தான் கேட்கிறார்கள். மனச்சோர்வைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லையே.

இப்படிக் கேட்டு அளப்பது பழைய வழி. பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், சோர்வுற்றவர்கள் தங்களையும், சுற்றியுள்ள உலகத்தையும், வரப்போகும் நாட்களையும் பற்றி ஓயாமல் கசந்து பேசுவதைக் கவனித்தார். 1961இல் அவர் குழு வெளியிட்ட படிவத்தில் 21 பகுதிகள். ஆனால் அது தூக்கம், பசி என்று உடலையும் சேர்த்தே விசாரித்தது. உன் வயதுக்காரர்களுக்கென்று எழுதப்பட்டதும் அல்ல.

உன் படிவம் ‘போன வாரம் எத்தனை தடவை இப்படித் தோன்றியது’ என்று கேட்டதாகச் சொன்னாய். அப்படியானால் சிட்னியில் ஷ்னியரிங், ரேப்பி இருவரும் 2002இல் வெளியிட்ட அளவுகோலாக இருக்கலாம். மொத்தம் 40 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. அவை நான்கு வகை: உடம்புக்கு ஏதோ ஆபத்து, எல்லோரும் கேலி செய்வார்கள், நான் எதற்கும் லாயக்கில்லை, அவனைச் சும்மா விடக்கூடாது. வகைக்குப் பத்து. மனச்சோர்வோடு அதிகம் ஒட்டிப்போவது மூன்றாவது வகை. பயமும் பதற்றமும் முதல் இரண்டோடு சேர்பவை. ஆக, இரண்டு பேர் 60 வாங்கலாம், இருவரின் கஷ்டமும் வேறாக இருக்கலாம். என்னைக் கேட்டால், மொத்தத்தை மட்டும் சொல்லி அனுப்புவது அரைகுறை வேலை. எந்த வகையில் ஏறியிருக்கிறது என்று அவரிடமே கேள். இன்னொன்று: எண்ணம் எத்தனை தடவை வந்தது என்றுதான் படிவம் கேட்கிறது. அது உண்மையா என்று கேட்கவில்லை. ‘நான் தோற்றவள்’ என்பதற்கு 4 போட்டதால் நீ தோற்றவள் ஆகிவிடவில்லை.

அந்த எண்ணத்தில் இருக்கும் கோணலைப் பிடிக்க வேறு வழி உண்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் லைட்டன்பர்க் குழு 1986இல் 24 குட்டிச் சூழ்நிலைகளை எழுதியது. என் பாணியில் ஒன்று சொல்கிறேன்: உன் கபடி அணி தோற்கிறது, ‘என்னால்தான்’ என்று நினைப்பாயா? ஆறு பேர் கூட ஆடியதை மறந்து பழியை மொத்தமாக இழுத்துப் போட்டுக்கொள்வது ஒரு வகைக் கோணல்.

அடுத்த முறை நிரப்பும்போது அன்றைய சண்டையை வைத்து எழுதாதே, வாரம் முழுவதையும் நினைத்துப் பார். அவர் மகிழ்வார் என்று குறைத்தும் போடாதே. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் மட்டும் படிவத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அம்மாவிடம் சொல், எனக்குப் போன் போடு, அல்லது 14416க்கு. அது அரசின் டெலி மானஸ் எண், இரவிலும் எடுப்பார்கள்.

அன்புடன்,
மாமா