மெட்டுகுடா கடைத்தெருவில் ஆங்கிலப் பேச்சு

"டோண்ட் யூ வாண்ட் எ பேக்?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்கிறார். எதிரே நிற்கும் ஜப்பானியப் பெண் "யெஸ்" என்கிறார். கடைக்காரர் பையை உருவுகிறார். அந்தப் பெண் பதறிப்போய்க் கையை ஆட்டுகிறார். பை வேண்டாம் என்பதைத்தான் அவர் சொன்னார்!

ஜப்பானிய மொழியில் எதிர்மறையாகக் கேட்கப்படும் கேள்விக்கு, கேட்டவர் நினைத்தது சரியென்றால் ‘ஆம்’ என்பதே பதில். தமிழிலும் அதே வழக்கம்தான். "நீ வரலையா?" என்றால் "ஆமா, வரலை" என்கிறோம். ஆங்கிலம் கேட்டவரின் நினைப்பைப் பார்ப்பதில்லை, நடப்பதை மட்டுமே பார்க்கிறது. வரவில்லை என்றால் அங்கே ‘நோ’தான். இந்தியர்கள் பேசும் ஆங்கிலத்திலும் "யெஸ், ஐ ஆம் நாட் கமிங்" என்பது சர்வசாதாரணம். அதனால் ஜப்பானியரின் ‘யெஸ்’ ஒரு கடையில் சரியாகப் புரிந்துகொள்ளப்படும், அடுத்த கடையில் தலைகீழாகப் போய்விடும். இதற்கு இலக்கணப் பாடம் நடத்தி மாளாது. யெஸ், நோ இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு விஷயத்தையே சொல்லிவிடுவது எளிது. "ஐ ஹேவ் மை பேக்." கடைக்காரருக்கும் சந்தேகமில்லை, வாங்குபவருக்கும் பதற்றமில்லை.

மெட்டுகுடா, செகந்திராபாத் ரயில் நிலையத்துக்கும் தார்நாகாவுக்கும் நடுவே உள்ள ரயில்வே வட்டாரம். பக்கத்திலுள்ள லாலாகுடா பணிமனை 1893இலிருந்து இயங்குகிறது. வேலைக்காக வந்த தமிழரும் மலையாளிகளும் வங்காளிகளும் தெலுங்கு, உருது பேசும் குடும்பங்களோடு கலந்து வாழ்கிற தெருக்கள் இவை. மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிலையம் தார்நாகா. அங்கேதான் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 1972இல் அயல்மொழிகளையும் பெயரில் சேர்த்துக்கொண்டு, 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமான இடம். வெளிநாட்டிலிருந்து ஆங்கிலம் கற்க வருபவர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள் அல்ல. அப்படி வந்து மெட்டுகுடாவில் அறை எடுத்துத் தங்கிய சில ஜப்பானியர்களுக்கு மாலை வேளைகளில் நான் பேச்சுத்துணையாக இருந்திருக்கிறேன். கீழே சொல்லும் யோசனைகள் அவர்கள் கடைத்தெருவிலும் ரயில் நிலையத்திலும் தடுமாறியதையும் தேறியதையும் கூடவே இருந்து பார்த்ததில் கிடைத்தவை.

முதலில் அவர்களுடைய சிக்கலின் வேரைச் சொல்ல வேண்டும். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது தவறு. செய்தித்தாளைக் கொடுத்தால் படித்துப் பொருள் சொல்வார்கள். "வாட் டிட் யூ ஈட்?" என்றால் மௌனம். ஜப்பானில் நெடுங்காலம் ஆங்கிலத்தை ‘யாகுதோகு’ என்ற முறையில் படித்தார்கள். சீனச் செவ்விலக்கியத்தைப் படிக்க அவர்கள் வைத்திருந்த பழைய வழியை ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்ததுதான் அது. வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பெயர்த்து, வினையைக் கடைசிக்குத் தள்ளி, வரிசையை மாற்றி அடுக்குவார்கள். ஜப்பானிய வாக்கியத்தில் தமிழைப்போலவே வினை கடைசியில் வரும். நம் பள்ளிகளிலும் ஆங்கிலப் பாடத்தைப் பின்னாலிருந்து முன்னாகப் பெயர்த்துத்தானே படித்தோம்? படிப்பதற்கு அந்த வழி போதும். பேச்சில் எதிராளி காத்திருக்க மாட்டார். தலைக்குள் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்.

இதை உணர்ந்தவர்கள் ஜப்பானிலேயே இருந்தார்கள். 1922இல் ஹரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயரை வரவழைத்து, அடுத்த ஆண்டே டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தல் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார்கள். காதும் வாயும் முதலில், எழுத்து பிறகு என்பது அவர் கொள்கை. பள்ளிக்கூடங்களின் தேர்வுமுறை அதற்கு அதிகம் வளைந்துகொடுக்கவில்லை. மக்களுக்கு ஆவல் இல்லாமலும் இல்லை. போர் முடிந்த சில வாரங்களில், 1945 அக்டோபரில், 32 பக்கமுள்ள ஜப்பானிய-அமெரிக்க உரையாடல் கையேடு ஒன்று வெளிவந்து சுமார் 36 லட்சம் பிரதி விற்றது. அந்தச் சாதனை 1981இல் வந்த ஒரு புத்தகத்தால்தான் முறிந்தது. தமிழ் வாசகர்களும் நன்கறிந்த ‘டோட்டோ-சான்’தான் அது. 1946 பிப்ரவரியில் ஹிரகாவா தடாயிச்சி என்பவர் வானொலியில் அன்றாட ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டில் ஆங்கிலச் சொற்களைப் போட்டு முகப்புப் பாடலாக்கினார். பாடமாக வைத்தது வீட்டுப் பேச்சு. அவர் பிடித்த பிடி சரியானது என்பது என் எண்ணம். அன்றாடம் தன் வாயில் வரும் விஷயத்தைத்தான் மனிதன் அயல்மொழியிலும் சொல்ல ஆசைப்படுகிறான்.

இனி ஒலிகளைப் பார்ப்போம். ஜப்பானியச் சொற்கள் உயிரொலியிலோ ‘ன்’ என்ற ஒலியிலோ முடியும். அதனால் ‘பஸ்’ அவர்கள் வாயில் ‘பசு’. ‘ஸ்ட்ரீட்’ என்ற ஓரசைச் சொல் ‘சுதோரீதோ’ என்று நீளும். தமிழர் சிரிக்க வழியில்லை, நாமும் ‘பஸ்ஸு’, ‘காரு’ என்கிறோம். மெட்டுகுடாவின் தெலுங்கும் சொல் முடிவில் உகரம் சேர்ப்பதில் நமக்குச் சளைத்ததல்ல. ஆகவே இங்கே அந்த உச்சரிப்பை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. கூச்சம் போக இது பெரிய உதவி. கூச்சம் போன பிறகு திருத்திக்கொள்ளலாம். திருத்த ஒரு வழி உண்டு: சொல்லைத் தனியாக முடிக்கப் பாடுபடாமல் அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுவது. ‘கண்’ணும் ‘அழகு’ம் சேர்ந்து ‘கண்ணழகு’ ஆவதுபோல, ‘கெட் அப்’ என்பதை ‘கெட்டப்’ என்றும், ‘ஆன் ஆப்பிள்’ என்பதை ‘அனாப்பிள்’ என்றும் சொல்லச் சொன்னால் நடுவிலுள்ள தேவையில்லாத உயிரொலி தானாக உதிர்கிறது. புணர்ச்சி இலக்கணம் படித்த தமிழருக்கு இதை விளக்குவது எளிது. ஜப்பானியர்களுக்கு இது புது அனுபவம், ஆனால் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள்.

லகரமும் ரகரமும் வேறு கதை. இந்த இரண்டுக்கும் ஜப்பானிய மொழியில் ஒரே ஒலிதான். ‘லைட்’, ‘ரைட்’ இரண்டும் அவர்கள் காதில் ஒன்றாகவே விழும். காதில் விழாத வேறுபாட்டை வாய் எப்படிக் காட்டும்? இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய சொல் இணைகளை வெவ்வேறு மனிதர்களின் குரலில் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தபோது ஜப்பானியர்களின் காது தேறியது. பின்னால் வந்த ஆய்வுகள், ஒரே குரலில் பழகியவர்களைவிடப் பல குரல்களில் பழகியவர்கள் புதிய குரலையும் சமாளிக்கிறார்கள் என்று காட்டின. கேட்கும் பயிற்சி மட்டுமே பெற்றவர்களின் உச்சரிப்பும்கூட முன்னேறியது. ஒரே ஆசிரியர், ஒரே ஒலிநாடா என்று பழகுவது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். மெட்டுகுடாவில் காய்கறிக்காரர் ஒரு விதமாகவும், ஆட்டோக்காரர் வேறு விதமாகவும், ரயில்வேயில் ஓய்வுபெற்ற வங்காளப் பெரியவர் இன்னொரு விதமாகவும் ஆங்கிலம் பேசுவார்கள். இது குறை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கற்பவருக்கு இது சொத்து.

பழக்கத்தில் நன்றாகப் பலனளித்த ஒரு பயிற்சி மெட்ரோ அறிவிப்பு. ஜப்பானில் மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஷேடோயிங்’ என்ற பயிற்சி செய்வார்கள்: கேட்கும் பேச்சை அரைக்கணம் தள்ளி அப்படியே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவது. மெட்ரோவில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என மூன்றிலும் அறிவிப்பு வருகிறது. அடுத்த நிலையம் எது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையே நாள்தோறும் முணுமுணுத்துக்கொண்டு போனால் வாக்கியத்தின் ஓட்டம் நாக்கில் ஏறுகிறது. பொருளைத் தேட வேண்டியதில்லை, கண்ணெதிரே கதவு திறக்கிறது.

தென்னிந்தியாவில் நடந்த ஒரு சோதனையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துப் பள்ளிகளில், இலக்கணப் பாடமே நடத்தாமல் மாணவர்களுக்கு வேலைகளைக் கொடுத்தார். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கண்டுபிடிப்பது அப்படி ஒரு வேலை. மனம் கணக்கில் இருக்கும்போது மொழி உள்ளே இறங்கும் என்பது அவர் வாதம். 1987இல் அதைப் புத்தகமாக எழுதினார். ரயில்வே வட்டாரத்தில் குடியிருப்பவருக்கு இந்தப் பயிற்சியைச் செய்ய வகுப்பறை எதற்கு? செகந்திராபாத் நிலைய விசாரணைக் கூண்டு இருக்கிறது. "ஐ வாண்ட் டு ரீச் சென்னை பிஃபோர் நைன்" என்று போய் நிற்கலாம். உண்மையாகவே பயணம் போக வேண்டியிருந்தால் இன்னும் நல்லது, பதில் புரியும்வரை கேட்டே தீருவோம்.

அங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. ‘ஃபிஃப்டி’, ‘ஃபிஃப்டீன்’ என்ற வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தத்தைக் கேட்டுப் பிரிக்கும் பழக்கம் ஜப்பானியருக்கும் இல்லை, நமக்கும் அவ்வளவாக இல்லை. ரயில்வேக்காரர்கள் வண்டி எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள். சென்னைக்குப் போகும் சார்மினார் எக்ஸ்பிரஸ் ‘ஒன் டூ செவன் சிக்ஸ் ஜீரோ’. ஆட்டோ கட்டணத்துக்கும் அதையே பின்பற்றலாம். "ஃபைவ் ஜீரோ?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு ஏறினால் இறங்கும்போது தகராறு இல்லை.

திருப்பிக் கேட்பதை ஜப்பானியர்கள் மரியாதைக்குறைவாக நினைக்கிறார்கள். அதற்குப் பதிலாக "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டே கேட்பார்கள். அவர்கள் ஊரில் ‘ஹாய், ஹாய்’ என்பது நம்முடைய ‘ம்’ கொட்டுவது போன்றது: கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டுமே பொருள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்லும்போதும் "யெஸ், யெஸ்" என்றால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார். இந்த இடத்தில் ‘ஐ சீ’ என்பதைப் பழக்கிக்கொள்வது முக்கியம். ‘லெட் மீ திங்க்’, ‘சாரி, ஒன்ஸ் மோர்’ என்ற இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால், பதில் தயாராகாத நேரத்திலும் பேச்சு அறுந்துபோகாது. மௌனமாக நின்றால் எதிராளி இந்திக்கோ சைகைக்கோ தாவிவிடுவார், பயிற்சி அதோடு நின்றுபோகும்.

விளிப்பிலும் ஒரு சங்கடம். பெயருக்குப் பின் ‘சான்’ சேர்த்தே பழகியவர்களுக்கு, ஆங்கிலத்தில் வெறும் பெயரைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. ஹைதராபாத் ஆங்கிலத்தில் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. மாடி வீட்டம்மா ‘ஆன்ட்டி’, ஆட்டோக்காரர் ‘பையா’ அல்லது ‘அன்னா’, அலுவலகத்தில் இருப்பவர் ‘சார்’, ‘மேடம்’. பெயரே தெரியாமல் மரியாதையாகப் பேச்சைத் தொடங்கலாம். நான் பார்த்த ஜப்பானியர்களுக்கு வாய் திறக்க அதிகம் துணைசெய்தது இதுதான்.

‘எ’, ‘தி’ என்ற சுட்டுச் சொற்களை எங்கே போடுவது என்ற கவலையை ஆரம்பத்தில் ஒதுக்கிவைக்கலாம். ஜப்பானியத்திலும் தமிழிலும் அவை இல்லை. அவை இல்லாததால் எந்தக் கடைக்காரரும் பால் பாக்கெட் தராமல் இருந்ததில்லை. அலுவலகக் கடிதம், தேர்வு என்று வரும்போது அகராதியோடு உட்காரலாம். ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதி அதற்கென்றே பிறந்தது. பாமரின் கழகத்தில் பணியாற்றிய ஏ.எஸ். ஹார்ன்பி, ஜப்பானிய மாணவர்களுக்காகத் தோழர்கள் இருவருடன் தொகுத்து, 1942இல் டோக்கியோவில் அச்சான நூல் அது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. எண்ணக்கூடிய பெயர்ச்சொல் எது, எண்ண முடியாதது எது என்று அதில் குறியிட்டிருக்கிறார்கள். ‘லக்கேஜ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘அட்வைஸ்’ மூன்றும் எண்ண முடியாதவை. ஜப்பானியரும் நம்மவரும் அடிக்கடி தடுக்கி விழும் அந்த மூன்றிலிருந்தே அகராதிப் பயிற்சியைத் தொடங்கலாம்.