கேப்டன் ஏன் பேசவில்லை?

அன்புள்ள சிறுசேரி வாசகிக்கு,

சென்னையில் இறங்க வந்த விமானம் மழைக்குள் தரையை நெருங்கிவிட்டு, பெரும் இரைச்சலோடு மறுபடி மேலே ஏறியதை எழுதியிருக்கிறீர்கள். கடலோரமாகச் சுற்றியபோது ஓ.எம்.ஆர். விளக்குகள் ஜன்னலில் தெரிந்து மறைந்ததையும், இருபது நிமிடம் யாரும் ஒரு வார்த்தை பேசாததையும், பக்கத்து இருக்கைப் பெரியவர் உங்கள் கையை இறுகப் பிடித்துக்கொண்டதையும் படித்தேன். "ஆபத்தை எங்களிடம் மறைக்கிறார்களா?" என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்த மேலேற்றம். அதற்குப் பெயர் கோ-அரவுண்ட். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கியபோது, சென்னை ஓடுதளத்தின் மேல் ஆடிக்கொண்டே வந்த ஒரு விமானம் கடைசி நொடியில் மேலேறிய வீடியோ உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். பார்த்தவர்கள் பதறினார்கள். ஆனால் அந்த விமானி செய்தது மிகச் சரியான வேலை. வேகம், உயரம், இறங்கும் வீதம், ஓடுதளம் கண்ணுக்குத் தெரிவது, இவற்றில் ஒன்று பிசகினாலும் மேலே போய்விட வேண்டும் என்பதுதான் விதி.

அந்த நேரத்தில் முன்னறையில் விமானிகள் இருவருக்கும் கை ஒழியாது. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். இன்ஜினின் விசையைக் கூட்ட வேண்டும், விமானம் ஏறத் தொடங்கியதை உறுதிசெய்து சக்கரத்தை உள்ளிழுக்க வேண்டும், இறக்கை மடிப்புகளைப் படிப்படியாகச் சுருக்க வேண்டும், கட்டுப்பாட்டு அறை சொல்லும் திசைக்குத் திரும்ப வேண்டும். பிறகு எரிபொருள் கணக்கு: இன்னொரு முறை முயலலாமா, பெங்களூருக்குப் போய்விடலாமா? பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். முதலில் விமானத்தை ஓட்டு, அடுத்து வழியைப் பார், அதற்குப் பிறகு பேசு என்பது அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வரிசை. அந்தப் பேச்சிலும் பயணிகளின் முறை கடைசியில்தான் வரும்.

கேப்டன் பயணிகளிடம் பேசாததால் விமானம் விழுந்ததாக எனக்குத் தெரியவில்லை. துணை விமானி சொன்னதைக் கேப்டன் கேட்காததால் விழுந்திருக்கிறது, அதுவும் நம் பக்கத்திலேயே. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியிருந்தார். குரல் பதிவில் குறட்டைச் சத்தம் இருக்கிறது. இறங்கும்போது விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தது. துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் என்றார். கேப்டன் இறங்கினார். ஓடுதளத்தில் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள்.

பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதே நிறுவனம், மங்களூரைப் போலவே மலையுச்சி ஓடுதளம், கொட்டும் மழை. அந்த விமானம் ஏற்கெனவே ஒருமுறை இறங்கப் பார்த்து மேலே போயிருந்தது. இரண்டாவது முறை பின்காற்றோடு வந்து ஓடுதளத்தின் பாதி வரை மிதந்தது. துணை விமானி கோ-அரவுண்ட் என்றார், கேப்டன் இறங்கினார். விமானிகள் இருவரையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை கேப்டனைக் குறை சொன்னதோடு நிற்கவில்லை. சொல்லியும் கேட்காதபோது துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்காததையும் விபத்துக்கான காரணத்தில் சேர்த்தது.

எனக்கு அதைப் படிப்பது கஷ்டமாக இருந்தது. பல ஆண்டு அனுபவம் உள்ளவரின் கையிலிருந்து விமானத்தைப் பிடுங்க ஒரு சில நொடிதான் அவகாசம். நீங்கள் சிப்காட்டில் இரவுப் பணி பார்ப்பவர். நள்ளிரவில் சர்வர் விழுந்து, பதினைந்து பேர் ஒரே அழைப்பில் இருக்கையில், மேனேஜர் தவறான கட்டளையைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து ஆறு மாதமான பெண்ணுக்கு அது தெரிகிறது. அவள் மைக்கை ஆன் செய்வாளா? "சார், ஒரு சின்ன டவுட்" என்று தொடங்குவாளா, "நிறுத்துங்க" என்பாளா? பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். விமானத்தில் அந்த வளர்ப்பைக் கழற்றி வைக்கத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

அந்தப் பயிற்சி பிறந்ததும் ஒரு விபத்தில்தான். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே சுற்றிய விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை விமானப் பொறியாளர் சொல்லத்தான் செய்தார், கேப்டனுக்கு உறைக்கிற மாதிரி சொல்லவில்லை. அதற்குப் பிறகே க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்ற பயிற்சி வந்தது. முதலில் கேள்வியாகக் கேள், பிறகு எச்சரி, அதற்கும் பதில் இல்லையென்றால் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லி எடுத்துக்கொள். நம் நாட்டில், மேலேறிப் போன விமானியைத் தண்டிக்கக் கூடாது என்ற கொள்கையும் இப்போது இருக்கிறது. உங்கள் விமானம் மேலேறியபோது, கோ-அரவுண்ட் என்று சொன்னவர் இளையவராக இருந்திருக்கலாம். அப்படியென்றால் அந்த அறையில் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

திருச்சி கதையும் நினைவிருக்கும். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை மாலை. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. சுமார் இரண்டரை மணி நேரம் அது வட்டமடித்ததை நாம் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் போயிங் 737இல் எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி கிடையாது. எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும், எடை குறைந்தால்தான் அந்த ஓடுதளத்தில் பத்திரமாக நிற்க முடியும். கீழே ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன, ஆனால் விமானிகள் எமர்ஜென்சி அறிவிக்கவே இல்லை என்று விமான நிறுவனம் பிறகு சொன்னது. இரவு எட்டே கால் வாக்கில் வழக்கம்போல் இறங்கியது. ஏறக்குறைய ஆறு ஆண்டு முன்னால், 2018 அக்டோபர் 12 விடிவதற்குள், இதே திருச்சியில் துபாய் கிளம்பிய விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு ஏறியது. கட்டுப்பாட்டு அறை எச்சரித்தும், கருவிகள் எல்லாம் சரியாக இருப்பதாக விமானி சொல்ல, அரபிக்கடல் வரை போய், பிறகுதான் மும்பைக்குத் திரும்பியது. இறங்கிய பிறகு பார்த்தால் அடிவயிறு கிழிந்திருந்தது. 136 பேர் உயிரோடு வந்தது பெரிய விஷயம். கருவி காட்டாததைக் கீழே இருப்பவர் பார்த்துச் சொன்னால் அதை நம்பித் திரும்ப வேண்டும். 2024இல் வட்டமடித்த பொறுமை எனக்கு ஆயிரம் மடங்கு உயர்வாகத் தெரிகிறது.

உங்கள் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஏறி முடித்து விமானம் நிதானப்பட்ட பிறகும் மௌனம் நீள வேண்டியதில்லை. "ஓடுதளம் சரியாகத் தெரியவில்லை, மறுபடி முயல்கிறோம்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். கேப்டனுக்கு முடியாவிட்டால் கேபின் க்ரூ சொல்லலாம். அதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளிக்கு இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் அறிவித்தால், குனியச் சொன்னபோது குனியவும், எழச் சொன்னபோது எழவும் அவரால் முடியாது. இதை நான் மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை, உயிருக்காகச் சொல்கிறேன்.

கடைசியாக, பயணி வாய் திறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் திறக்க வேண்டும். 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த விமானத்தில் பழுதானது இடது இன்ஜின், விமானிகள் தவறுதலாக அணைத்தது வலது இன்ஜின். வலப்பக்கக் கோளாறு என்று கேப்டன் அறிவித்தபோது, இடப்பக்கம் தீப்பொறியைப் பார்த்த பயணிகளும் பணியாளர்களும் இருந்தார்கள். கேப்டனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று யாரும் முன்னறைக்குச் சொல்லவில்லை. 47 பேர் இறந்தார்கள். ஆகவே புகையோ, தீயோ, இறக்கையில் ஒழுகலோ கண்ணில் பட்டால் தலைக்கு மேலுள்ள பொத்தானை அழுத்துங்கள். எந்தப் பக்கம், என்ன பார்த்தீர்கள், எப்போதிருந்து என்ற மூன்றையும் சொல்லி, "கேப்டனிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று திரும்பக் கேளுங்கள். அந்தப் பெரியவரை மறுபடி சந்தித்தால் அவருக்கும் இதைச் சொல்லுங்கள்.