சங்கிலி வாளைப் பேணும் முறையும் அதற்கு வேண்டிய சொற்பக் கருவிகளும்

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் முதலிய இடங்களில் தென்னையும் மாவும் வைத்திருக்கும் குடியானவர்களுக்கு மரம் அறுக்கும் வேலை வருஷந்தோறும் தவறாமல் ஏற்படுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று கிளைகளை முறிப்பதும், சில சமயம் மரத்தையே சாய்ப்பதும் உண்டு. வாடல் நோய் கண்டு காய்ப்பு ஒழிந்த தென்னைகளை அகற்றுவதும் மேற்கெல்லைக் கிராமங்களில் அவசியமாகிவிட்டது. வெட்டிய தென்னையைத் தோப்பிலேயே கிடக்கவிட்டால், பச்சைத் தண்டில் சிவப்புக் கூன்வண்டும், மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டும் பெருகி, நல்ல மரங்களுக்குக் கேடு விளைவிக்கும். ஆகையால் மரத்தைச் சாய்ப்பதோடு நில்லாமல், உடனே துண்டுகளாக அறுத்து அப்புறப்படுத்துவதே முறையாகும்.

முன்பு இரண்டு ஆட்கள் இழுவாள் கொண்டு செய்த இவ்வேலையை இப்போது பெட்ரோலில் ஓடும் சங்கிலி வாள் செய்கிறது. யந்திரம் பரவிய அளவுக்கு அதைப் பேணும் அறிவு பரவவில்லை என்பது நமது அபிப்பிராயம். “என்ஜினில் பலம் போய்விட்டது” என்று மூலையில் போடப்பட்ட யந்திரத்தை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் என்ஜினில் குறை இராது; சங்கிலியின் பற்கள் மழுங்கியிருக்கும். அத்தகைய யந்திரத்திற்கு வேண்டுவது புதிய பாகங்கள் அல்ல. விலை குறைந்த ஒரு வட்ட அரமே.

மழுங்கிய சங்கிலியை அறிவது எளிது. கூரிய பல் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவு போன்ற தூளையே உதிர்க்கும். கூரிய வாள் தன் பாரத்தாலேயே மரத்தினுள் இறங்கும்; மழுங்கியதையோ ஆள் அழுத்த வேண்டும். அழுத்துவதனால் சங்கிலி சூடேறுகிறது, அது ஓடும் பட்டை தேய்கிறது, கிளச்சு கருகுகிறது, பிடித்திருப்பவனுடைய கையும் ஓய்கிறது. ஓய்ந்த கையில்தான் விபத்து நேர்கிறது. தென்னையின் புறத்தண்டு மிகக் கடினமான நாரால் ஆனது. மற்ற மரங்களைவிடச் சீக்கிரமாகப் பல்லை மழுக்கும். விழுந்து கிடக்கும் மரத்தில் ஒட்டிய மண்ணும், பழைய ஆணியும் அதனினும் கொடியவை. அறுக்குமுன் மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிடுவது அரை நிமிஷ வேலைதான்.

இச்சங்கிலிப் பல்லின் வரலாறு தோப்புக்காரர்களுக்குச் சுவையாயிருக்கும். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் மரம் வெட்டிவந்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-ஆம் ஆண்டில் ஓர் அடிக்கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கண்டார். அது தன் தாடைகளால் நேரே குடையாமல், இடமும் வலமுமாக மாறி மாறி அரிந்து செல்வதைக் கவனித்து, அதே முறையில் இடப்பல்லும் வலப்பல்லும் மாறி வரும் சங்கிலியை அமைத்தார். 1947-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நாம் கையாளும் சங்கிலிகளும் அவ்வமைப்பைத் தழுவியவையே. நமது தென்னையைக் கெடுக்கும் வண்டின் இனத்தாரிடமிருந்தே மனிதன் இதைக் கற்றான் என்பது வேடிக்கைதான்!

அரம் வாங்கும்போது அதன் கனம் சங்கிலிக்குப் பொருந்த வேண்டும். சங்கிலியில் அடுத்தடுத்துள்ள மூன்று ஆணிகளின் இடைத்தூரத்தை அளந்து, அதில் பாதியை எடுத்துக்கொண்டால் அதுவே சங்கிலியின் அளவு. அது .325 அங்குலமானால் 4.8 மில்லிமீட்டர் வட்ட அரமும், தணிந்த பல்லுள்ள 3/8 அங்குலச் சங்கிலியானால் 4 மில்லிமீட்டர் அரமும் ஏற்றவை. இத்துடன் ஒரு தட்டை அரம், யந்திரத்தோடு வரும் திருகுசாவி, பழைய பல் தேய்க்கும் பிரஷ், மரத்தால் செய்த இரண்டு ஆப்புகள் ஆகியவை இருந்தால் போதும். ஆப்பைப் புளிய மரத்தில் தச்சரே செய்து தருவார். யந்திரத்தை இறுகப் பிடிக்க இரும்புப் பிடிகருவி வாங்க வேண்டியதில்லை. இடுப்பளவு உயரமுள்ள உறுதியான கட்டையின் தலையில் ஒரு பிளவு அறுத்து, என்ஜினை நிறுத்தியபின் அப்பிளவில் பட்டையை இறக்கி, பக்கத்தில் சிற்றாப்பு ஒன்றைச் செருகிவிட்டால் அசையாது நிற்கும்.

இனித் தீட்டும் முறை. பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகவே அரத்தைத் தள்ள வேண்டும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். பல்லின் மேல் குறித்துள்ள கோடு பெரும்பாலும் 30 டிகிரிச் சாய்வைக் காட்டும். அதற்கு இணையாக அரம் செல்லட்டும். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று நான்கு தள்ளுகள், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. முதலில் ஒரு பக்கத்துப் பற்கள் முழுவதையும் முடித்து, அப்பால் மறுபக்கம் செல்வது நலம். மிகக் குட்டையான பல் எதுவோ அதன் நீளத்திற்கு மற்றவற்றையும் கொண்டுவர வேண்டும். ஒருபுறத்துப் பற்கள் நீண்டிருந்தால் வாள் நேரே இறங்காமல் வளைந்து செல்லும். பலமுறை தீட்டியபின், பல்லின் முன்னுள்ள சிறு மேட்டையும் தட்டை அரத்தால் சிறிது தணிக்க வேண்டும். பல்லின் நுனிக்கும் அம்மேட்டுக்கும் சுமார் 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் போதுமானது. வேகமாக அறுபடும் என்றெண்ணி அதை மிகுதியாகத் தணிப்போர் உளர். அப்படிச் செய்தால் பல் மரத்தைக் கவ்வி, யந்திரம் துள்ளும்.

பெட்ரோல் டாங்கி காலியாகும்போதெல்லாம் நிறுத்தி இரண்டு தள்ளு தீட்டிவிடுகிறவனுக்குப் பெரிய தீட்டு வேலை அநேகமாய் நேருவதில்லை. அப்போதே சங்கிலி எண்ணெயையும் நிரப்புக. என்ஜினிலிருந்து வடித்த கழிவெண்ணெயை இதற்கு ஊற்றும் வழக்கம் தவறானது. அதில் கலந்துள்ள உலோகத்தூள் பட்டையையும் எண்ணெய்ப் பம்பையும் அரிக்கும். நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் ஆகாதோ என்று சிலர் கேட்கக்கூடும். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழ் உறைவதாகையால், மார்கழிக் காலையில் துவாரத்தை அடைத்துவிடும்.

பெட்ரோல் விஷயத்தில் நம் வட்டாரத்தாருக்குத் தனி ஜாக்கிரதை வேண்டும். 2025 முதல் நாடெங்கும் பெரும்பாலும் 20 சதவிகிதம் எத்தனால் சேர்ந்த பெட்ரோலே விற்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. சாரல் காலத்தில் குற்றாலத்துக் காற்றில் ஈரத்திற்குக் குறைவில்லை. ஆகவே எண்ணெய் கலந்த பெட்ரோலை அன்றாட வேலைக்கு வேண்டிய அளவே தயாரிக்க வேண்டும். உயர்ந்த டூ-ஸ்ட்ரோக் எண்ணெயானால் லிட்டருக்கு 20 மில்லி என்பது பொதுவிதி. ஆயினும் யந்திரத்துடன் வந்த குறிப்பே பிரமாணம்.

சங்கிலியின் இறுக்கத்தை யந்திரம் ஆறியிருக்கும்போது சரிபார்க்க வேண்டும். பட்டையின் அடிப்பக்கத்தில் தொங்காமலும், உறையணிந்த கையால் இழுத்தால் நகருமாறும் இருப்பதே அளவு. பட்டையை அவ்வப்போது தலைகீழாக மாற்றிப் பூட்டினால் இருபுறமும் ஒப்பத் தேயும். காற்று வடிகட்டியைத் தினமும் தட்டிச் சுத்தம் செய்க.

அபாயத்தைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திக் கூறுவோம். பட்டையின் நுனியில் மேற்கால் பகுதி மரத்திலோ கிளையிலோ பட்டால், வாள் கண்ணிமைப் பொழுதில் பிடித்திருப்பவனுடைய முகத்தை நோக்கி எழும்பும். சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுவதை நினைவிற் கொள்ளவேண்டும். பிரேக் வேலை செய்யாத யந்திரத்தைக் கூலியாளிடம் கொடுப்பது தகாது. தோளுக்கு மேல் தூக்கி அறுப்பதும், ஏணியின்மேல் நின்று அறுப்பதும் அறவே கூடாதவை.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. சொந்தப் பட்டாவில் நின்றாலும் பனைமரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-இல் அரசு அறிவித்துள்ளது. மலைப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட கிராமங்களுக்கு 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. மரம் சாய்ந்தபின் விசாரிப்பதைவிட, வாள் தோப்புக்குள் நுழையுமுன் சொல்லிவிடுவது குடிகளுக்கும் நல்லது, அதிகாரிகளுக்கும் நல்லது.

வேலை இல்லாத மாதங்களில் டாங்கியை வடித்து, மீதியுள்ள பெட்ரோல் தீருமட்டும் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, சங்கிலியைத் தளர்த்திக் கழற்றி எண்ணெயில் தோய்த்து, தரையில் வைக்காமல் ஈரம் படாத பரணில் வைக்கவும்.