ஆளா, மைக்கா?

கேள்வி: குடியிருப்புப் பகுதியில் போராட்டம் நடத்தக் கூடாது என்றால், அது கருத்துரிமையைப் பறிப்பது ஆகாதா?

பதில்: மைக்கை நிறுத்தச் சொல்கிறார்களா, ஆளையே கிளம்பச் சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள். டெல்லி ஜந்தர் மந்தர் சாலையில் நடந்தது இரண்டாவது. 2017-இல் நம்மூர் விவசாயிகள் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்திருந்தார்களே, அதே இடம். இரைச்சல் தாங்கவில்லை என்று அங்கே குடியிருப்பவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அந்த அக்டோபரில் தீர்ப்பாயம் போராட்டங்களையே ராம்லீலா மைதானத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டது. தலைவலிக்குத் தலையை எடுத்த கதை!

2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. குடியிருப்பவர்களின் நிம்மதியும் உரிமைதான், ஆனால் முழுத் தடை கூடாது, நெறிமுறை வகுத்து அனுமதியுங்கள் என்றது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அதிகாரத்தின் காதில் விழாத மைதானத்தில் யாருக்காகக் கத்துவது?

சத்தத்துக்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து சுவாரசியமாகப் பேசினாலே 55-ஐத் தாண்டிவிடும். ஒலிபெருக்கிக்கு முன் அனுமதி வேண்டும்; இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது.

எங்கள் தெருவில் ஆடி மாதம் கூம்பு ஸ்பீக்கர் காலை ஐந்து மணிக்கே அலறும். இதுவரை ஒருவரும் மனு கொடுத்ததில்லை, நான் உட்பட.