கம்ப்யூட்டரில் யுத்த விளையாட்டு: புதிதாய்த் தொடங்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும்



சென்ற மாதம் ஒரு தாயார் பூசை முடிந்தபின் கோவில் வாசலில் நின்று, "சுவாமி, என் பையன் கம்ப்யூட்டரில் ஊர் பேர் தெரியாதவர்களோடு யுத்தம் பண்ணுகிறான். இது பாவமா?" என்று கேட்டார். எந்த விளையாட்டு, யாரோடு ஆடுகிறான் என்று நான் திருப்பிக் கேட்டேன். இரண்டுக்கும் அவரிடம் விடை இல்லை. பாவம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை என்றேன். ஆனால் பிள்ளை தினமும் போய்வரும் இடம் தாய்க்குத் தெரியாமலிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகையால் இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அந்தப் பையன் ஆடுவது 'ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2' என்ற விளையாட்டு. 1999-ல் வெளிவந்தது. 2019-ல் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். குருமடத்தில் படித்த காலத்தில் நானும் இதை ஆடியதுண்டு, தோற்றதும் உண்டு. ஆகையால் கேள்விப்பட்டதை மட்டும் வைத்து எழுதுகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம்.

விளையாட்டு யாதெனில், ஒரு நகர மையமும், மூன்று குடியானவர்களும், வேவு பார்க்கும் குதிரைவீரன் ஒருவனும் உங்களுக்குக் கொடுக்கப்படுவார்கள். ஒருசில இனத்தாருக்கு மாத்திரம் இந்தக் கணக்கு வேறு. உணவு, மரம், பொன், கல் என்னும் நான்கையும் சேர்த்து, ஊரை வளர்த்து, படை திரட்டி, எதிரியை வெல்லவேண்டும். கேட்டால் யுத்தம் என்று தோன்றும். உண்மையில் முதல் கால் மணி நேரம் அது வீட்டு வரவு செலவுக் கணக்கே.

தொடக்கத்தில் கையில் 200 உணவு இருக்கும். ஒரு குடியானவனை உண்டாக்க 50 உணவும் 25 விநாடியும் ஆகும். ஆகவே நான்கு பேருக்குப் போதும். ஐந்தாமவனுக்கு உணவு தேடவேண்டும். நகர மையத்தில் ஐந்து பேருக்கே இடம் உண்டு. முன்னமே நான்கு பேர் இருப்பதால், ஒருவன் வந்தவுடன் இடம் நிறைந்துவிடும். எனவே வந்த மாத்திரத்தில் 25 மரம் செலவழித்து ஒரு வீடு கட்டவேண்டும். அதில் இன்னும் ஐந்து பேர் தங்கலாம். அக்கம்பக்கத்தில் திரியும் ஆடுகளைக் குதிரைவீரனைக் கொண்டு தேடி, நகர மையத்தின் அருகே ஓட்டி வந்து, ஒவ்வொன்றாக அறுக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அறுத்தால் இறைச்சி கெட்டு வீணாகும். புதியவர்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வாள்வீச்சில் குறைவு அல்ல. ஊரில் ஆள் பிறப்பது நின்றுபோயிருக்கும், அதைக் கவனிக்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். 500 உணவு சேர்ந்ததும் அடுத்த யுகத்துக்குப் போகலாம். அதுவரையில் நகர மையத்தைச் சும்மா இருக்க விடாதீர்கள்.

இவற்றையெல்லாம் முன்பின் அறியாதவர்களோடு ஆடித்தான் கற்கவேண்டும் என்பதில்லை. விளையாட்டுக்குள்ளேயே வில்லியம் வாலஸ் கதையாக ஒரு பாடம் இருக்கிறது. 'ஆர்ட் ஆப் வார்' என்ற பயிற்சிகளும் உண்டு. நேரத்தைக் கணக்கிட்டுப் பதக்கம் கொடுப்பார்கள். அதன்பின் கம்ப்யூட்டரையே எதிரியாக வைத்து, மிக எளிய நிலையிலிருந்து படிப்படியாக ஏறலாம். அர்ச். ஜோன் ஆப் ஆர்க் வரலாறும் தனிக் கதையாக வருகிறது. 1431-ல் தீக்கிரையாக்கப்பட்டு 1920-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்ற அந்தப் பெண்ணைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் நான் கேட்டபோது, கையைத் தூக்கியவர்கள் இந்த விளையாட்டை ஆடிய இரண்டு பையன்களே! 2022-ல் தனி விலைக்கு வந்த இந்தியப் பகுதியில் ராஜேந்திர சோழன் கதையும் சுருள்வாள் வீரரும் இருக்கிறார்கள். துறவியர் எதிரியின் வீரனை மந்திரம்போல் ஓதித் தம் பக்கம் திருப்பிவிடுவதாகவும் வைத்திருக்கிறார்கள். மனந்திரும்புதல் அவ்வளவு சுலபமாக இருந்தால் என் வேலை என்றைக்கோ முடிந்திருக்கும்.

கம்ப்யூட்டரை ஓரளவு வென்ற பிறகு, முதலில் தெரிந்தவர்களோடு ஆடுங்கள்: அத்தை மகன், வகுப்புத் தோழன், அண்ணன். பிறகு தரவரிசை ஆட்டத்துக்குப் போகலாம். அங்கே புதியவருக்கும் 1000 என்ற மதிப்பெண்ணே கிடைக்கும். அந்த மதிப்பில் உள்ளவர்கள் அநேகர் நன்றாகப் பழகியவர்கள். ஆகவே முதல் சில ஆட்டங்களில் தோற்பது இயல்பு. தோற்கத் தோற்க மதிப்பு இறங்கி, உங்களுக்குச் சமமான ஆள் எதிரே வருவார். இது தெரியாமல் மூன்றாம் தோல்வியில் விசைப்பலகையைக் குத்திய பிள்ளையை நான் அறிவேன். ஆடி முடித்த ஆட்டங்கள் பதிவாகி இருக்கும். அவற்றைத் திரும்பப் போட்டு எதிரி என்ன செய்தான் என்று பாருங்கள். அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. எதிரி வசைமொழி எழுதினால் பதில் எழுதாமல் அவர் பேச்சை அடைத்துவிடும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். தோற்றாலும் 'நல்ல ஆட்டம்' என்று சொல்லிவிட்டு வெளியேறுவது அங்கே மரியாதை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஓர் ஆட்டம் அரை மணியிலும் முடியும், ஒரு மணியும் இழுக்கும். நடுவில் எழுந்துபோனால் தோல்விதான், கூட்டாக ஆடினால் தோழர்களையும் கைவிட்டதாகும். ஆகவே சோற்றைப் போட்டுவிட்டு "இப்போதே அணை" என்று கத்துவதில் பயனில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் புது ஆட்டம் தொடங்கக் கூடாது என்று முன்கூட்டியே விதி வையுங்கள். கம்ப்யூட்டரைக் கூடத்தில் வையுங்கள். விளையாட்டுப் பெயரில் சொந்தப் பெயரோ, பள்ளியோ, பிறந்த ஆண்டோ இருக்கக் கூடாது.

இனி சொல்லப்போவது நம் பங்குப் பிள்ளை ஒருவனுக்கு நேர்ந்தது. அவனும் அவன் தகப்பனாரும் சம்மதித்ததால் சொல்லுகிறேன். அவனோடு சில நாள் நட்பாக ஆடிய ஒருவன், "தவறுதலாக உன் கணக்கின்மேல் புகார் கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள். இந்த அதிகாரியிடம் பேசாவிட்டால் கணக்கை அழித்துவிடுவார்கள்" என்று எழுதினான். பிள்ளை பயந்து அந்த 'அதிகாரி'க்கு எழுதினான். அவர் கேட்டபடி தன் மின்னஞ்சலுக்கு வந்த ரகசிய எண்ணைக் கொடுத்தான். கணக்கு கைமாறிவிட்டது. திருப்பித் தரப் பரிசு அட்டை வாங்கி அனுப்பச் சொன்னார்கள். பையன் தாயாரின் பணப்பையிலிருந்து எடுத்து அனுப்பினான். மறுபடியும் கேட்டார்கள். பதினெட்டு நாள் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா கம்ப்யூட்டரை எடுத்துவிடுவார்" என்றான்.

இது பழைய சூழ்ச்சி, உலகமெங்கும் நடக்கிறது. உண்மையான அதிகாரி யாரும் அரட்டையில் வந்து ரகசிய எண் கேட்கமாட்டார். பிள்ளைகளே, அந்த எண்ணைக் கேட்கிறவன் எவ்வளவு நல்ல தோழனாய்ப் பழகியிருந்தாலும் திருடன் என்றே கொள்ளுங்கள். கணக்குக்கு இரட்டைப் பூட்டுப் போடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் தூரம் போகும். தகப்பன்மாரே, உங்கள் பிள்ளை தவறு செய்த அன்றே உங்களிடம் சொல்லவேண்டுமானால், சொன்னதற்காகக் கம்ப்யூட்டரைப் பறிக்கமாட்டேன் என்று இன்றே வாக்குக் கொடுங்கள். அந்தத் தகப்பனார் பிற்பாடு கொடுத்தார்.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்கள் வேறு வகை. 2025-ல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அவற்றைத் தடைசெய்திருக்கிறது. போனில் ஆடும் 'கிளாஷ் ஆப் கிளான்ஸ்' போன்றவை சூதாட்டமல்ல, இலவசமாக ஆடலாம். ஆனால் காத்திருப்பைக் குறைக்க ரத்தினக் கல் விற்பார்கள். வங்கி அட்டையை அந்தப் போனில் பதிந்து வைக்காதீர்கள்.

வருகிற ஞாயிறு மாலை 4 மணிக்குப் பங்கு நூலகத்தில், முதல் பத்து நிமிட ஆட்டத்தைப் பிள்ளைகளே பெற்றோருக்கு ஆடிக்காட்டுவார்கள். நாற்காலி போட்டிருக்கும். முதலில் கேட்ட அந்தத் தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.