துள்ளுமாரியின் வகை அறிதல்

மாலையில் வயிறார மேய்ந்து திரும்பிய ஆட்டுக்குட்டி மறுநாள் காலையில் பட்டியில் இறந்து கிடக்கிறது. இறக்குமுன் சில குட்டிகள் துள்ளி விழும், கால்களை உதறும், தலை பின்புறமாக வளையும். நம் கிராமங்களில் இந்நோயைத் துள்ளுமாரி என்பர். பொருத்தமான பெயர்தான்! கண்ணேறு என்பாரும், பாம்பு தீண்டிற்று என்பாரும், பகையாளி நஞ்சு வைத்தான் என்பாரும் உண்டு. மந்தையிலேயே கொழுத்த குட்டிகள்தாம் முதலில் இறக்கின்றன என்பதே பெரும் விந்தை. நாலைந்து ஆடுகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு அது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குக் காரணம் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்னும் பாக்டீரியா. 1892-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெல்ச், நட்டால் என்னும் இருவர் இதனை விவரித்தனர். நலமான ஆட்டின் குடலிலும் இது சிறிதளவு இருக்கும். ஆடு திடீரென்று தானியத்தையோ செழித்த இளம்புல்லையோ மிகுதியாகத் தின்றால், செரிக்காத மாவுப்பொருள் சிறுகுடலை அடைகிறது. அங்கே இந்த நுண்ணுயிருக்குக் கொண்டாட்டம்! நல்ல சூழலில் பத்தே நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். பெருகும்போது நஞ்சையும் சுரக்கிறது.

ஆனால் இந்தப் பெயரை மட்டும் அறிந்தால் போதாது. நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும் இவற்றுள், சுரக்கும் நஞ்சைப் பொறுத்து ஏ முதல் ஜி வரை ஏழு வகைகள் உள்ளன. கடைசி இரண்டும் 2018-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டவை. ஆல்ஃபா நஞ்சின் மரபணு எல்லா வகையிலும் உண்டு. அத்துடன் பீட்டா சேர்ந்தால் சி வகை. எப்சிலான் சேர்ந்தால் டி வகை. இரண்டும் சேர்ந்தால் பி வகை. துள்ளுமாரியை உண்டாக்குவது டி வகையே.

இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. நம் பாடநூலில் கணைய நீரில் உள்ள டிரிப்சின் புரதத்தைச் செரிக்கிறது என்று படிக்கிறோம் அல்லவா? அந்த டிரிப்சின் பீட்டா நஞ்சை அழித்துவிடும். எப்சிலான் நஞ்சையோ தூண்டி, பன்மடங்கு கொடியதாக்கிவிடும்! சீம்பாலில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருப்பதால், பிறந்து சில நாட்களேயான குட்டிகளைப் பீட்டா நஞ்சு தாக்குகிறது. வளர்ந்த குட்டிகளை எப்சிலான் தாக்கி, மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

முற்காலத்தில் வகையறிய எலிகளுக்கு நஞ்சைச் செலுத்தி, எந்த எதிர்ச்சீரம் அவற்றைக் காக்கிறது என்று பார்த்தனர். பாவம் எலிகள்! இன்று பி.சி.ஆர். சோதனை அவ்வேலையைச் செய்கிறது. 1983-இல் கேரி முல்லிஸ் கண்ட இம்முறைக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020-இல் கொரோனாவுக்காக மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியையும் இம்முறையில்தான் சோதித்தனர். தேடும் மரபணுவின் இரு முனைகளில் மட்டும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகளைச் சேர்த்து, கலவையை மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்விக்கின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் மரபணுத் துண்டு இரட்டிக்கிறது. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். கணக்கிட்டுப் பாருங்கள், தோழியரே! பின்பு கூழ்ப்படலத்தில் மின்சாரம் செலுத்தினால் ஒவ்வொரு மரபணுவும் தன் நீளத்திற்கேற்ற இடத்தில் கோடாகத் தெரியும். ஆல்ஃபா, எப்சிலான் ஆகிய இரு கோடுகள் மட்டும் தெரிந்தால் அது டி வகை.

ஒரு சிக்கலும் உண்டு. எப்சிலான் மரபணு பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் இருக்கிறது. வளர்க்கும்போது அது தொலைந்தால் டி வகை, ஏ வகைபோல் தோன்றும். ஆகவே பல திரள்களைச் சோதிக்க வேண்டும். மரபணு இருப்பது மட்டுமே சான்றாகாது. இறந்த ஆட்டின் குடலில் நஞ்சும் உள்ளதா என்று பார்ப்பர். இறந்த பின்னும் இந்த நுண்ணுயிர் பெருகுவதால், மாதிரியை உடனே எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புதல் அவசியம்.

இச்சோதனை இறந்த குட்டியை மீட்காது; பட்டியில் எஞ்சியவற்றுக்காகவே செய்யப்படுகிறது. பீட்டாவுக்கான தடுப்பூசி எப்சிலானைத் தடுக்காது. டி வகை என்று தெரிந்தால் தானியத்தைக் குறைத்து, எப்சிலானுக்கு எதிரான தடுப்பூசியை மந்தை முழுவதற்கும் போடலாம். 1932-இல் தொடங்கப்பெற்ற இராணிப்பேட்டை நிலையம் துள்ளுமாரித் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே அதைப் போட வேண்டும். சினை ஆட்டுக்கு ஈனுமுன் போட்டால், பிறக்கும் குட்டிக்குச் சீம்பால் வழியே பாதுகாப்புக் கிடைக்கும்.