மாத்திரை போடலாமா வேண்டாமா என்று தயங்கும் பிள்ளைகளுக்கு

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கத்தில் ஓர் அரசாங்க கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில்தான் என் உத்தியோகம் பெரும்பாலும் கழிந்தது. மனச்சோர்வுக்கு முதல்முறை மருந்து வாங்க வருகிறவர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அட்டையைக் கையில் வாங்கியதும் பைக்குள் தள்ளிவிட்டு, தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டதற்கும், கேட்காமலே போனதற்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

1. துக்கம் வேறு, இந்த நோய் வேறு. வேலை போனாலும், வீட்டில் சாவு விழுந்தாலும் அழுகை வரும், தூக்கம் கெடும். நடுவே கூட்டாளி வந்து கூப்பிட்டால் சிரிக்கவும் செய்வோம். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள் முழுக்க மனம் கனத்து, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், குளிப்பதே பெரிய வேலையாகத் தோன்றினால் டாக்டரைப் பாருங்கள். நம்மவர்கள் பலர் மனசு சரியில்லை என்று வரமாட்டார்கள். உடம்பு வலி, நெஞ்சு படபடப்பு, சோறு இறங்கவில்லை என்றுதான் வருவார்கள்.

2. கிளினிக்கில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் கொடுப்பார்கள். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ, உங்களையே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக அதில் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். அம்மாவை வெளியே இருக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போலீஸ் வரும் என்ற பயமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் மலேசியத் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

3. தைராய்டு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார். சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் குடிக்கிறவர் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

4. எல்லாருக்கும் மாத்திரை தேவையில்லை. லேசான சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை எழுத வேண்டாம், பேச்சு சிகிச்சை போன்றவற்றை முதலில் பாருங்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் டாக்டர்களுக்குச் சொன்னது. நோயாளி மருந்துதான் வேண்டும் என்றால் அதற்கும் இடம் வைத்தது. ஆனால் வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பிடவில்லை, சாவு நினைப்பு வருகிறது, முன்பு ஒருமுறை வந்து திரும்பவும் வந்திருக்கிறது என்றால், கவுன்சலிங் முறை வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.

5. மருந்து உண்மையிலேயே வேலை செய்யுமா? 522 ஆய்வுகளையும் 21 மருந்துகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த பெரிய கட்டுரை ஒன்று 2018இல் லான்செட் இதழில் வந்தது. பெரியவர்களிடம் இருபத்தொன்றுமே வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. ஆனால் வித்தியாசம் மலையளவு இல்லை. முதல் மருந்திலேயே முழுக்கத் தேறிவிடுகிறவர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ வேண்டிவரும். அப்படியானால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று அர்த்தமில்லை.

6. எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் மாதிரி மருந்துகளில் தொல்லை முந்திக்கொள்ளும், பலன் பிந்தி வரும். முதல் வாரத்திலேயே குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஒருவித அமைதியின்மை வரலாம். மனம் லேசாவது இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள். பாலாக்கோங் ஃபாக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்த ஒரு பெண், நாலு மாத்திரை மட்டும் போட்ட அட்டையைக் கவுண்டரில் வைத்து, “அக்கா, இது எனக்கு ஒத்துக்கல, வேண்டாம்” என்றாள். டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். அரை மாத்திரையாக்கி, வேலை முடிந்து வந்து காலையில் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள். குமட்டல் அடங்கியது. தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது.

7. இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு, மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் சாவு நினைப்பு கூடக்கூடும். இதற்காக அமெரிக்காவில் மருந்தின் தகவல் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். ஓரிரு வாரத்தில் திரும்ப வந்து பார்க்கத் தேதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

8. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை: எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில், காசை இறைத்துக்கொண்டு சில நாள் இருந்ததுண்டா, வலிக்கு டிரமடால் எடுக்கிறீர்களா, நாட்டு மருந்து ஏதும் உண்டா, கர்ப்பமா.

9. கோயிலா கிளினிக்கா என்று சண்டை வேண்டாம். செய்வினை என்று பாட்டி மந்திரித்த கயிறு கட்டினால் கட்டிக்கொள்ளுங்கள். பத்துமலைக்கு வேண்டுதல் இருந்தால் நிறைவேற்றுங்கள். விரதத்தன்று மாத்திரையை மட்டும் விடாதீர்கள்.

10. ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்’ என்று மிரட்டி வளர்த்த தலைமுறை எங்களுடையது. 1911இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனையை வைத்து அந்த ஊரின் பெயரையே வசவாக்கி வைத்தோம். அந்த வெட்கத்தை உங்களுக்கும் கொடுத்துவிட்டோம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு. 2019இல் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். உங்களுக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்பவரும் இதற்கே வந்திருக்கலாம்.

11. மனச்சோர்வுக்கான மாத்திரை தூக்க மாத்திரை அல்ல, போதையும் அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் இருக்கும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகுமுன் அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

12. யோசித்துப் பார்த்து மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதையும் டாக்டரிடமே சொல்லி, மாதத்துக்குள் மறுபடி பார்க்க ஒரு தேதி குறியுங்கள். அதற்குள் நிலைமை மோசமானால் அந்தத் தேதிவரை பொறுக்க வேண்டாம். மனம்விட்டுப் பேச உதவித் தொலைபேசிகள் உண்டு: ஹீல் 15555 காலை எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இருபத்துநாலு மணி நேரமும். உயிருக்கே ஆபத்தென்றால் 999, அல்லது செர்டாங்கில் உள்ள சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு நேரே போய்விடுங்கள்.